தலைப்பிரசவத்துக்கு வராதே, பாப்பா

வடக்குப்பட்டு,
1991, ஆவணி மாதம்.

பாப்பாவுக்கு அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இதையும் எழுதி முடிக்க மாட்டேன். வளைகாப்பு முடிந்து உன்னை இங்கே அழைத்துக்கொண்டு வரப்போவதில்லை. தலைப்பிரசவத்துக்கு நீ நம் வீட்டுக்கு வராதே. போன ஞாயிற்றுக்கிழமை நான் ராயபுரத்தில் உன் வீட்டுக்கு வந்ததே இதைச் சொல்லத்தான். நீ பெட்டியில் புடவைகளை அடுக்கிக்கொண்டே பேசியதைப் பார்த்ததும் எனக்கு வாய் வரவில்லை. படிக்கும்போது உனக்குக் கோபம் வரும், அழுகையும் வரும். ஆனாலும் கடைசி வரை படி. உன் தும்மலோடு நாம் பட்ட பாட்டில் பாதி உனக்குத் தெரியாது. சிலது நடக்கும்போது நீ சின்னப் பெண். சிலது நடக்கும்போது உனக்கு நினைவே இல்லை.

இந்தத் தும்மல் உன்னோடு பிறந்தது இல்லை. நீ வயதுக்கு வந்த வருஷம் ஆரம்பித்தது. அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் ஏரிக்குக் கீழே இருந்த நிலங்களை எல்லாம் கம்பெனி கட்டப்போகிறோம் என்று வெளியூர்க்காரர்கள் வாங்கி, கல் நட்டு, முள்கம்பி இழுத்துவிட்டுப் போனார்கள். கம்பெனி வரவில்லை. உழவும் நின்றுவிட்டது. சும்மா கிடந்த மண்ணில் வேலிகாத்தான் முள் முளைத்தது, ரெண்டு மழைக்குள் ஆள் உயரம் ஆனது. இந்தப் பக்கம் சவுக்குத் தோப்பு, அந்தப் பக்கம் வேலிகாத்தான், நடுவில் நம் வீடு. காலையில் கண் விழித்ததும் நீ தும்ம ஆரம்பிப்பாய். ஒன்று விட்டு ஒன்று, மூச்சு விட இடமில்லாமல். மூக்கில் தண்ணீராக ஊற்றும். கண்ணைத் தேய்த்துத் தேய்த்துச் சிவக்க வைத்துக்கொள்வாய். வெயில் ஏறியதும் கொஞ்சம் அடங்கும். சளி என்றுதான் நினைத்தோம். அம்மா நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்க வைத்தாள். சுக்கு, மிளகு, கற்பூரவல்லி, ஒன்றும் பாக்கி வைக்கவில்லை. சளி என்றால் காய்ச்சல் வர வேண்டும், ஒரு வாரத்தில் பழுத்துப் போக வேண்டும். உனக்குக் காய்ச்சலும் வரவில்லை, தும்மல் போகவும் இல்லை. படப்பையில் ஒரு வைத்தியர் ஊசி போட்டார். போட்ட அன்றைக்கே நின்றது. அம்மாவுக்கு அவர் தெய்வமாகிவிட்டார். ஊசியின் வேகம் குறைந்ததும் மறுபடி தும்மல், மறுபடி ஊசி. உன் முகம் உப்பிக்கொண்டு வந்தது. சதை பிடித்திருக்கிறாள் என்று அம்மா சந்தோஷப்பட்டாள்.

பள்ளிக்கூடத்தில் உன் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று ஒரு பெண் சொன்னதாக நீ அழுதுகொண்டு வந்த பிறகுதான் மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அந்த டாக்டரம்மா உன் கையை நீட்டச் சொல்லி, வரிசையாகச் சொட்டு விட்டு, ஒவ்வொரு சொட்டின் மேலும் ஊசி முனையால் லேசாகக் குத்தினார். கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொன்னார். நாம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தோம். சில சொட்டு அப்படியே கிடந்தது. சில இடம் கொசு கடித்த மாதிரி தடித்தது. ஒரு இடம் மட்டும் ரூபாய்க் காசு அகலத்துக்கு வீங்கிச் சிவந்தது. டாக்டரம்மா முதலில் அதையும், பிறகு தடித்த இடங்களையும் காட்டி, "இது வேலிகாத்தான். இது சவுக்கு. இது புல்லு. உங்க ஊர்ல இதெல்லாம் இருக்கா?" என்று கேட்டார்.

"அது மட்டுந்தான் டாக்டரம்மா கீது," என்றாள் உன் அம்மா.

அவர் சிரிக்கவில்லை. பூவுக்குள் இருக்கும் தூள் மாவைவிட மெல்லிசு, காற்றில் பறந்து மூக்குக்குள் போகும், மற்றவர்கள் உடம்பு அதைச் சட்டை செய்யாது, உன் உடம்பு மட்டும் அதைத் திருடன் என்று நினைத்து விரட்டுகிறது, அந்த விரட்டல்தான் தும்மல், அந்தத் தண்ணீர்தான் மூக்கொழுகல் என்று பொறுமையாகச் சொன்னார். இது ஒட்டிக்கொள்ளும் வியாதி இல்லை என்றும் சொன்னார். அம்மா அழ ஆரம்பித்துவிட்டாள். "தெனம் தலையில மல்லி வெச்சு அனுப்புனேனே, அதாலதான் வந்துச்சா?" என்று கேட்டாள். "மல்லி ஒண்ணும் பண்ணாதும்மா. அந்தத் தூள் ஒட்டிக்கும், பறக்காது. கண்ணுக்கு அழகா தெரியற பூவால இது வர்றதில்ல. யாரும் திரும்பிப் பார்க்காத பூவாலதான் வருது," என்றார். நான் கேட்டது ஒன்றே ஒன்று. எப்போது தீரும்? "சில பேருக்கு வயசானா குறையும். தீரும்னு நான் சொல்ல மாட்டேன். வெச்சுக்கிட்டு வாழக் கத்துக்கணும்." படப்பை ஊசியால்தான் முகம் உப்பியது, இனிமேல் அதைத் தொடாதே என்று கண்டிப்பாகச் சொன்னார்.

நாமும் கற்றுக்கொண்டோம். விடிந்ததும் ஜன்னலைத் திறக்கும் வழக்கத்தை விட்டோம். உன் துணியைக் கொடியில் போடாமல் வீட்டுக்குள் காயவைத்தோம். பெருக்குவதை நிறுத்திவிட்டு அம்மா ஈரத்துணியால் துடைத்தாள். வெளியே போய் வந்தால் முகம், கை, கால் கழுவுவாய். கொதித்து ஆறிய தண்ணீரில் உப்புப் போட்டு மூக்கைக் கழுவுவாய். சாயந்திரம் தலைக்கும் தண்ணீர் விட்டுக்கொண்டுதான் படுப்பாய். மூக்கில் விடும் சொட்டு மருந்து அடைப்பை உடனே திறந்தது என்று ஒரு சமயம் அதையே விடாமல் போட்டாய். கடைசியில் அந்தச் சொட்டு இல்லாவிட்டால் மூச்சே விட முடியாமல் போனது. அதனால்தான் சொல்கிறேன், அவசரத்துக்கு ஓரிரு நாள் போட்டால் போதும் என்பதை அங்கேயும் மறந்துவிடாதே. டாக்டரம்மா கொடுத்த மூக்கில் அடிக்கும் மருந்து வேறு. அது மெதுவாகத்தான் கேட்கும், நன்றாக இருக்கும் நாளிலும் விடாமல் அடிக்க வேண்டும். இதை எல்லாம் ஒழுங்காகச் செய்தாய். செய்தும் பங்குனியில் ஒரு காற்று அடித்தால் போதும், எல்லாம் வீண்.

நீ ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ரேடியோ பாகம் செய்யும் கம்பெனியில் சேர்ந்தது எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? முதல் நாள் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு நீ பஸ்ஸுக்கு நின்றதை சைக்கிளில் போனவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். தும்மல் மாத்திரை போட்டுக்கொண்டு போனால் லைனில் தூங்கி விழுவாய். போடாமல் போனால் தும்முவாய். ஒரு நாள் சூப்பர்வைசர் என்னையே கூப்பிட்டனுப்பினார். கெட்ட மனுஷர் இல்லை. "பெரியவரே, உங்க பொண்ணு கை சுத்தமான கை. ஆனா தும்முனா பீஸு போயிடுது. மாத்திரை போட்டா சூடு வெச்ச கம்பி மேல தலை சாயுது. அன்னைக்குப் பக்கத்துல இருந்த பொண்ணு புடிச்சுக்கலைன்னா மூஞ்சி வெந்திருக்கும். நான் இன்னா பண்ணட்டும்?" என்றார். உன்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் இருந்து இறங்கும்போது, "ஸ்டோர்ஸ்ல போட்டுக் குடுத்தாலும் பரவால்லன்னு கேட்டியாப்பா?" என்றாய். கேட்டேன் பாப்பா. ஸ்டோர்ஸில் அட்டைப்பெட்டித் தூசி இன்னும் மோசம் என்று சொல்லிவிட்டார்.

மாப்பிள்ளை உன்னைப் பார்க்க வந்த அன்றைக்கும் நீ தும்மினாய். காபித் தட்டை வைத்துவிட்டு உள்ளே ஓடிவிட்டாய். இது காசநோய் என்று அவர்கள் நினைத்துவிடக்கூடாதே என்று நான் டாக்டர் சீட்டை எடுத்து நீட்டினேன். மாப்பிள்ளை அதை வாங்கவே இல்லை. "எங்க தெருவுல மரமே இல்ல மாமா. கடலும் கருவாடும்தான். அதுக்குத் தும்ம மாட்டாங்களே?" என்றார். அந்த ஒரு பேச்சுக்காக நான் அவரை வாழ்நாள் முழுக்க வாழ்த்துவேன். ராயபுரம் போன கொஞ்ச நாளில் நீ எழுதினாய், காலையில் எழுந்தால் மூக்கு இருப்பதே தெரியவில்லை என்று. அம்மா அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னாள். உன் உடம்புக்கு ஒரு கெடுதலும் இல்லை, இந்த ஊர்தான் உனக்குக் கெடுதல் என்று அன்றைக்கே புரிந்திருக்க வேண்டும். சந்தோஷத்தில் எங்களுக்கு அது தோன்றவில்லை.

இனி மாசி மாதம் நடந்ததைச் சொல்கிறேன். திருவிழாவுக்கு நீ வந்தாய். வேலிகாத்தான் மஞ்சள் மஞ்சளாகக் கதிர் விட்டுத் தொங்கிய சமயம். நீ ஜன்னலை மூடிவைத்துக்கொண்டுதான் படுத்தாய். விடியும் நேரத்தில் நெஞ்சில் விசில் ஊதுகிற மாதிரி சத்தம் கேட்டு அம்மா எழுந்தாள். நீ உட்கார்ந்து, ரெண்டு கையையும் பாயில் ஊன்றி, வாயைத் திறந்துகொண்டு இருந்தாய். பேச்சு வரவில்லை. கழுத்துக் குழி உள்ளே உள்ளே போனது. நான் ரோட்டுக்கு ஓடி, ஃபர்ஸ்ட் ஷிஃப்டுக்கு ஆள் ஏற்றிக்கொண்டு வந்த நான் வேலை செய்யும் கம்பெனி வேன் முன்னால் போய் நின்றேன். டிரைவர் உடனே வண்டியைத் திருப்பிவிட்டார். ஆட்கள் எழுந்து உனக்கு இடம் விட்டார்கள். "காத்து வரட்டும், காத்து வரட்டும்" என்று எல்லா ஜன்னலையும் திறந்துவிட்டார்கள். மூச்சுக்குத் திணறுகிற பெண்ணுக்கு யாரும் அதைத்தான் செய்வார்கள். நீ என் சட்டையைப் பிடித்து இழுத்து, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாய்: "ஜன்ன... மூடு... ப்பா." நான் கத்தினேன். ஷிஃப்டுக்குப் போக வேண்டிய அத்தனை ஆண்களும் ஜன்னலை மூடிக்கொண்டு, புழுங்கிக்கொண்டு, தாம்பரம் வரைக்கும் உட்கார்ந்து வந்தார்கள். தாம்பரம் ஆஸ்பத்திரியில் மருந்துப் புகை வைத்து, ஊசி போட்டு, உன் உதட்டில் ரத்தம் திரும்பும் வரை நான் பட்டதை எழுத மாட்டேன். அப்போதே உன் வயிற்றில் பிள்ளை தங்கியிருந்திருக்கிறது. நம் யாருக்கும் தெரியாது.

பிள்ளை உண்டானது தெரிந்ததும் அம்மா எதையும் யோசிக்கவில்லை. பிரசவத்துக்கு நீ வருவாய் என்று நடுக்கூடத்து அறைக்கு வெள்ளை அடித்தாள். புதிதாக இலவம்பஞ்சு மெத்தை தைக்கக் கொடுத்தாள். நான் அரிவாளை எடுத்துக்கொண்டு முள்கம்பி தாண்டிப் போனேன். அங்கே வாட்ச்மேன் போட்டிருக்கிறார்கள், தெற்கத்திக்காரர்.

"அண்ணாச்சி, உள்ள வராதீய. ஓனருக்குத் தெரிஞ்சா எனக்கு வேலை போயிரும்."

"பூவை மட்டும் வெட்டிக்கிறேம்பா. கட்டையை நீயே வெச்சுக்கோ."

"பூவையா? முள்ளு மரத்துப் பூவை வெட்டி என்ன செய்யப் போறீய?"

சொன்னேன். அவருக்கும் ஒரு பெண் இருக்கிறாளாம். தலையைத் திருப்பிக்கொண்டு பீடி பற்றவைத்தார். ஷிஃப்ட் முடிந்து வந்து இருட்டும் வரை வெட்டினேன். கையெல்லாம் முள் கிழித்து அம்மா மஞ்சள் வைத்துக் கட்டினாள். நம் வீட்டைச் சுற்றி ஒரு வளையம் மாதிரி வெட்டவெளியாக்கிவிட்டேன். ஆனியில் ஒரு மழை பெய்தது. வெட்டின கட்டையில் எல்லாம் கொத்துக் கொத்தாகத் துளிர். வெட்டவெளியான மண்ணில் பார்த்தீனியம் செடி, அதுவும் தும்ம வைக்கிறதுதான், வெள்ளை வெள்ளையாகப் பூவோடு. அன்றைக்கு ஏரிக்கரை மேல் ஏறி நின்று பார்த்தேன். ஒரகடம் ரோடு வரைக்கும், அதற்கு அந்தப் பக்கமும், கல் நட்ட நிலமெல்லாம் வேலிகாத்தான்தான். நான் வெட்டின இடம் எது என்று எனக்கே அடையாளம் தெரியவில்லை.

அதற்குப் பிறகு லீவு போட்டுவிட்டு டாக்டரம்மாவைப் பார்க்கப் போனேன். நீ இல்லாமல் நான் மட்டும் போனது உனக்குத் தெரியாது. ஜன்னல் மூடி, வாசலில் ஈரத்துணி தொங்கவிட்டு, உன்னை வெளியிலேயே விடாமல் வைத்துக்கொள்கிறேன், வரலாமா என்று கேட்டேன்.

"மாசியில ஜன்னல் திறந்தா இருந்தது?" என்று கேட்டார்.

"மூடித்தான் இருந்தது."

"அப்புறம்? அவ மூச்சுதான் இப்ப பிள்ளைக்கும் மூச்சு. ஒரு தடவை அடைச்சா ரெண்டு பேருக்கும் அடைக்கும். வேண்டாம்."

"பிரசவம் ஆனதும் அழைச்சிக்கினு வரலாமா?"

"அப்பவும் வேண்டாம்னுதான் சொல்லுவேன்."

"எப்பதான் டாக்டரம்மா வரலாம்?"

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். அடுத்த ஆளைக் கூப்பிடவில்லை. நானாகத்தான் எழுந்து வந்தேன்.

அம்மாவிடம் சொன்னபோது ஊரில் யாரிடமும் அவள் போடாத சண்டையை என்னிடம் போட்டாள். "தலைப்பிள்ளைக்குப் பொண்ணு அம்மா வூட்டுக்கு வராம இருந்தா நாலு பேர் இன்னா சொல்லுவாங்க? அம்மா செத்துட்டாளான்னு கேக்க மாட்டாங்க?" என்றாள். நாமே ராயபுரம் போய்விடலாம் என்றாள். என் வேலை இங்கே. விட்டால் இந்த வயதில் வேறு யார் கூப்பிட்டுக் கொடுப்பார்கள்? நிலத்தைக் கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள், நம் ஓட்டு வீட்டை யாரும் கேட்பதில்லை. எல்லாம் சொல்லிப் பார்த்தேன். அவள் சமாதானம் ஆகவில்லை. "நீயே போய் அதுங்கிட்ட சொல்லு, என் வாயால சொல்ல மாட்டேன்," என்று முடித்துவிட்டாள். அப்படித்தான் ஞாயிற்றுக்கிழமை வந்தேன்.

சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில் ஏறும்வரை சைக்கிளில் வந்தேன், உனக்குத் தெரியும். நீ கதவைத் திறந்தபோது முகம் தெளிவாக இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் உன்னை நான் அப்படிப் பார்த்ததே இல்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் தோளில் சாய்ந்தாய். கொஞ்ச நேரத்தில் தும்மினாய். மறுபடி தும்மினாய். "இன்னைக்கு இன்னாமோ தெரியலப்பா, ரொம்ப நாளாச்சு இப்படி வந்து," என்று மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாய். உனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்துவிட்டது. துணியிலும் தலைமுடியிலும் அந்தத் தூள் ஒட்டிக்கொண்டு வரும் என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். என் சட்டையில் நான் ஊரையே எடுத்து வந்திருந்தேன். சாப்பிட்டுவிட்டுப் போ என்று நீ கெஞ்சியும் அவசரம் என்று கிளம்பினது அதனால்தான். நீ படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாய். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இனி செய்ய வேண்டியதை எழுதுகிறேன். உன்னிடம் நானே சொல்கிறேன் என்று மாப்பிள்ளையிடம் முன்பே பேசிவிட்டேன், உன் மாமியார் தன் வீட்டிலேயே பார்த்துக்கொள்வதாக அவர் சொல்லிவிட்டார். பிரசவ நேரத்துக்கு அம்மா வருவாள். வந்ததும் குளித்து, உன் புடவை ஒன்றைக் கட்டிக்கொண்ட பிறகுதான் உன்னைத் தொடுவாள். அவள் கொண்டுவரும் துணியை மூட்டை பிரிக்காமல் துவைக்கப் போடு. இலவம்பஞ்சு மெத்தை வேண்டாம், கேட்டு அடம் பிடிக்காதே. பிள்ளை பெற்றவளுக்கும் பிள்ளைக்கும் சாம்பிராணிப் புகை போடுவார்கள். போடக்கூடாது. மாமியார் வருத்தப்பட்டால் டாக்டர் சொன்னதாகச் சொல். மாசிக்குப் பிறகு கொடுத்த, வாய்வழியே நெஞ்சுக்குள் உறிஞ்சும் மருந்தைப் பிள்ளைக்கு ஆகாதோ என்று பயந்து நீயாக நிறுத்தாதே, மருந்தைவிட மூச்சு முட்டுவதுதான் பிள்ளைக்கு ஆகாது என்று டாக்டரம்மா சொன்னார். தூக்கம் வரும் மாத்திரையை, பிள்ளையைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு படுக்கும் நாளில், அவரைக் கேட்காமல் தொடாதே.

இன்னொன்றும் அவரிடம் கேட்டேன். பிள்ளைக்கும் இது வருமா என்று. வரலாம் என்றார், இது குடும்பத்தில் ஓடுகிறதாம். வந்தால் இந்த வீட்டில் அதன் கால் படாது. படாமலே அது வளர்ந்துவிடும். தாத்தா வீடு எங்கே என்று கேட்டால் பெயரை மட்டும் சொல்லிவிடு. அதற்கு மேல் சொல்லி ஆசை காட்ட வேண்டாம்.

பிறந்த பிள்ளை தும்முமாம் பாப்பா. எல்லாப் பிள்ளையும் தும்முமாம், அதன் மூக்கை அது அப்படித்தான் சுத்தம் செய்துகொள்ளுமாம். நீ பயந்துவிடாதே. நான் வரும்போது உங்கள் தெருக் குழாயில் தலைக்கு ஊற்றிக்கொண்டு, மாப்பிள்ளை வேட்டியைக் கட்டிக்கொண்டுதான் உள்ளே வருவேன். என் கையில் இருக்கும்போது அது தும்மினால், காரணம் கேட்க மாட்டேன். உன்னிடம் கொடுத்துவிட்டு வெளியே போய் நின்றுகொள்வேன். என்னைக் கூப்பிடாதே.

அப்பா.